நூறு முடிச்சுகள்: சுசீந்திரம் சாலையில் ஒரு நினைவுக் கலை

சுசீந்திரத்து இறைவனின் பெயர் தாணுமாலயன். தாணு என்றால் சிவன். மால் என்றால் திருமால். அயன் என்றால் நான்முகன். மூன்று தெய்வங்களுக்கு மூன்று பெயர்களை நினைவில் வைப்பானேன் என்று கருதினார்களோ என்னவோ, புணர்ச்சி விதிப்படி மூன்றையும் சேர்த்து முடிந்து ஒரே சொல்லாக்கிவிட்டது நாஞ்சில் நாடு. அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு வாய்க்கு எளிதாகத் 'தாணு' என்று கூப்பிடும்போதும், மற்ற இருவரும் சொல்லாமலே உடன் வந்துவிடுகிறார்கள்.

அதே கோயிலின் அலங்கார மண்டபத்தில் இசைத்தூண்கள் நிற்கின்றன. ஒரே கல்லில் பல சிறு தூண்களைச் செதுக்கி, அவை தனித்தனியே ஒலிக்கும்படி இடைவெளி விட்டு, அடியையும் தலையையும் பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு குரலில் பேசும். எடுத்தால் எல்லாம் ஒரே கல்லாகத்தான் வரும். பலவற்றை ஒன்றாகக் கட்டி வைப்பது, வேண்டும்போது ஒன்றைப் பலவாக அவிழ்த்துக்கொள்வது: மனித நினைவு வேலை செய்யும் விதமும் இதுவே என்று கடந்த எழுபது ஆண்டுகளாக உளவியலாளர்கள் சொல்லிவருகிறார்கள். அவர்கள் கட்டு என்றும் கொத்து என்றும் பொருள்படும் சொற்களால் அதைக் குறிக்கிறார்கள். தூண்களை மனத்தில் கொண்டு நாம் இக்கட்டுரையில் 'கொத்து' என்றே வழங்குவோம்.

நம் நோக்கம் உளவியல் பாடம் நடத்துவதன்று. சுசீந்திரத்துக்கு மிக அருகில் பிறந்து, கொத்துகளின் பலத்தால் சென்னையையே வியக்கவைத்த ஒரு புலவரை அந்தக் கோணத்திலிருந்து பார்ப்பதே நோக்கம்.

இடலாக்குடிக்காரர்

நாகர்கோவிலில் கோட்டாற்றைக் கடந்து சுசீந்திரம் நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிறது இடலாக்குடி. 1874 ஜூலை 31 அன்று அங்கே பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆளுகையில் இருந்தது. ஆகவே பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது மலையாளம். தமிழைப் பள்ளிக்கு வெளியே, கோட்டாற்றுச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் முறையாகப் பாடம் கேட்டார். ஒரு மொழியைச் சூழலிலிருந்து தானாக உறிஞ்சிக்கொள்வது ஒரு வகை. எழுத்து, சொல், யாப்பு, அணி என்று அடுக்கடுக்காகக் கட்டி ஏற்றிக்கொள்வது இன்னொரு வகை. இலக்கியத் தமிழ் பாவலருக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது வழியில். பின்னால் வருவனவற்றைப் புரிந்துகொள்ள இது உதவும்.

இளமையிலேயே அவர் சென்னைக்குச் சென்று அச்சகத்தில் நூல்களைப் பார்வையிடும் பணியில் இருந்தார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு உரை எழுதினார். அருட்பா மருட்பா பூசலில் வள்ளலார் பக்கம் நின்று வாதாடினார். எதிர்த்தரப்பின் பெரும் படைத்தலைவராக இருந்தவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை, திரு.வி.க.வின் ஆசிரியர். அவரும் சதாவதானி. ஒரு பூசலின் இரு கரைகளிலும் இரண்டு சதாவதானிகள் நின்ற காலம் அது. சைவத் திருமுறைகளையும் வள்ளலாரின் பாடல்களையும் ஓர் இஸ்லாமியப் புலவர் மேற்கோள்களாக அள்ளி வீசியதை அன்றைய சபைகள் இயல்பாக ஏற்றுக்கொண்டன என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். அன்று முதல் அவர் பெயருக்கு முன்னால் 'சதாவதானி' ஒட்டிக்கொண்டது. 1950 பிப்ரவரி 13 அன்று அவர் மறைந்தார். கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. தமிழில் பெரும்புகழ் பெற்ற அவர், தம் ஊர் தமிழகத்தில் சேர்ந்ததைக் காணவில்லை. 2008-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவதானத்தின் உள்வேலை

அவதானம் என்றால் கவனம். ஒரே நேரத்தில் எட்டுப் பொருள்களில் கவனம் வைப்பவர் அட்டாவதானி. பத்தில் வைப்பவர் தசாவதானி. பதினாறில் வைப்பவர் சோடசாவதானி. நூறில் வைப்பவர் சதாவதானி. மேடையில் அவதானியைச் சுற்றிக் கேள்வியாளர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் இலக்கணத்தில் ஐயம் எழுப்புவார். ஒருவர் பெருக்கல் கணக்குப் போடுவார். ஒருவர் ஏதோ ஒரு வருடத்தின் தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். ஒருவர் சதுரங்கப் பலகையோடு காத்திருப்பார். அவதானியின் முதுகில் ஒருவர் நெல்லையோ பூவையோ எறிந்துகொண்டிருப்பார்; இன்னொருவர் விட்டுவிட்டு மணி அடிப்பார். கடைசியில் எறிந்தவை எத்தனை, அடித்தவை எத்தனை என்று சொல்ல வேண்டும். பாதியில் விட்ட பாடல்களை முடித்துத் திரும்பவும் ஒப்பிக்க வேண்டும்.

பார்வையாளருக்கு இது நூறு தனிப் பொருள்களாகத் தெரியும். அவதானிக்கு அப்படித் தெரிந்தால் ஐந்தாவது கேள்வியிலேயே கலைந்துபோவார். அவர் நூறையும் சில கொத்துகளாகவே வாங்கிக்கொள்கிறார் என்று நாம் கருதுகிறோம். இந்தக் கருத்துக்குச் சான்று வேண்டுமானால், அவர் கையில் இருந்த கருவியான யாப்பைப் பார்த்தால் போதும்.

நேரிசை வெண்பாவில் நான்கு அடிகள். முதல் மூன்று அடிகளுக்கு நந்நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று சீர், மொத்தம் பதினைந்து. வெண்டளை பிறழக் கூடாது. இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் வந்து முதலடியின் எதுகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை கட்டுப்பாடுகளும் புதிதாகக் கற்பவனுக்குச் சுமை, தேர்ந்தவனுக்குக் கைப்பிடி. எதுகைச் சொல் ஒன்று நினைவில் நின்றால் அது அடியைக் கொண்டுவரும். அடி பாட்டைக் கொண்டுவரும். இருபது வெண்பாக்களை நிறுத்தி வைத்திருப்பவர் முந்நூறு சீர்களைச் சுமக்கவில்லை. இருபது கைப்பிடிகளைத்தான் சுமக்கிறார்.

கட்டளைக் கலித்துறை இன்னும் நுட்பமானது. மெய்யெழுத்துகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. நினைவிலிருந்து சொல்லும்போது ஓர் எழுத்து நழுவினாலும் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். கட்டி வைத்த மூட்டையின் மேலேயே உள்ளிருக்கும் சரக்கின் எடையையும் எழுதி வைத்ததைப் போன்ற ஏற்பாடு இது. பாவலர் நாகைக் கோவை, சம்சுத்தாசீன் கோவை என்று கோவை நூல்கள் பாடியவர். கோவைக்குரிய யாப்பு இந்தக் கட்டளைக் கலித்துறைதான். மரபுப்படி நானூறு பாடல்கள். அவை களவு, கற்பு என்று துறைவாரியாக ஒரு கதையின் வரிசையில் கோக்கப்பட்டிருக்கும். பெயரே 'கோவை'.

அவர் கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழும் பாடினார். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. அந்தப் பத்திலும் காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் மாறும். திருநாகூர்த் திரிபந்தாதி என்றும் ஒன்று பாடியிருக்கிறார். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம் என்பதால், ஒன்றைப் பிடித்தால் சங்கிலி முழுதும் வரும். கோவையும் பிள்ளைத்தமிழும் அந்தாதியும் இலக்கிய வகைகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஏட்டுக்கு வழியில்லாத இடத்திலும் ஒரு நூலைத் தலைக்குள் எடுத்துச்செல்ல வகுத்த பெட்டிகளும் அவையே.

பாவலரைப் பற்றி நாஞ்சில் நாட்டில் வழங்கும் கதை ஒன்று உண்டு. இராமன் துருக்கனுக்குத் துணை நிற்பதாகப் பொருள்படும் ஈற்றடியை ஒருவர் சபையில் கொடுத்து, இஸ்லாமியராகிய அவரைச் சிக்கவைக்கப் பார்த்தாராம். பாவலர் பரதனையும் இலக்குவனையும் மேலே நிறுத்தி, ஈற்றடிக்கு முன்னால் 'சத்' என்ற ஒலி வந்து முடியும்படி பாடினார் என்பார்கள். துருக்கன் சத்துருக்கனன் ஆகிவிட்டான். பொறி இராமாயணமாக மாறிவிட்டது. கேட்டவர் ஒரு சொல்லை அதன் எல்லையோடு கொடுத்தார். பாவலர் எல்லையை ஓரசை இடப்பக்கம் நகர்த்தினார். கட்டத் தெரிந்தவனுக்கே எந்த முடிச்சை எங்கே அவிழ்ப்பது என்பதும் தெரியும்.

திண்ணையில் கட்டிய மூட்டைகள்

இந்தத் திறமை வானத்திலிருந்து விழவில்லை. அவதானி மேடைக்கு வருமுன் அவரை உருவாக்கிய கல்வி முறை ஒன்று இருந்தது.

திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்ற வரிசையில் பிள்ளைகள் கணக்குக் கற்றார்கள். பொன்னிலக்கம் முந்திரி எனப்படும் 1/320-இலிருந்து தொடங்கி எண்களை ஏறுவரிசையில் கட்டியது. நெல்லிலக்கம் முகத்தல் அளவை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். 96 நாழி நெல்லை யாரும் 96 என்று மனத்தில் வைக்கவில்லை; ஒரு கலம் என்றார்கள். களத்துமேட்டில் 59 நாழி என்பது தூணி, பதக்கு, குறுணி, மூன்று நாழி என்று நான்கு சொற்களாக நின்றது. நெல் விளையும் நாட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் கண்ணால் கண்டு கையால் அளந்த பாத்திரங்கள் என்பது முக்கியம்.

சொற்களுக்கு நிகண்டு. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்களைப் பிரித்து, விருத்தப்பாவில் கட்டிக் கொடுத்தது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பதினோராம் தொகுதியை எதுகை வரிசையில் அடுக்கினார். ஈற்றடி கேட்கும் சபையில் எதுகை தேடும் புலவனுக்கு அது எத்தகைய கொடை என்று சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டாம் தொகுதியோ முக்குணம், ஐம்பொறி போன்ற தொகைப் பெயர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. கொத்துகளுக்கென்று ஓர் அகராதிப் பகுதியை நம் முன்னோர் வைத்திருந்தார்கள்.

திருக்குறளின் அமைப்பும் இதற்கு இடம்தருகிறது. அதிகாரத்துக்குப் பத்தாக 133 அதிகாரங்கள். கல்வி நாற்பதாம் அதிகாரம் என்று தெரிந்தவருக்கு அதன் முதற்குறள் 391 என்பது தானே வந்துவிடும். எண்ணைச் சொன்னால் குறளையும் குறளைச் சொன்னால் எண்ணையும் சொல்லும் திருக்குறள் அவதானிகள் இந்தச் சட்டகத்தில்தான் உலவுகிறார்கள். பார்வையற்றவரான திருக்குறள் பெ. இராமையா இருபதாம் நூற்றாண்டில் இக்கலையைச் சிறப்பாக நிகழ்த்தியவர்.

எண்களைச் சொற்களாக முடிந்து வைக்கும் கடபயாதி முறை கேரளத்திலும் திருவிதாங்கூரிலும் பெரிதும் வழங்கியது. கருநாடக இசையில் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்கள் அம்முறையில்தான் அமைந்தன. தீரசங்கராபரணத்தின் 'தீ' ஒன்பதையும் 'ர' இரண்டையும் குறிக்கும். வலமிருந்து படித்தால் 29. அந்த 72-ம் ஆறாறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் கட்டப்பட்டவை. இராகத்தின் பெயரே அதன் வரிசை எண்ணையும், அந்த எண் அதன் சுரங்களையும் சொல்லிவிடுகிறது.

இம்முறைகளின் வலிமையை ஐரோப்பியர் ஒருவர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். ஜான் வாரன் என்பவர் 1825-ல் வெளியிட்ட காலசங்கலிதம் என்ற நூலில், புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியபடி, அட்டவணைகளைச் செயற்கைச் சொற்களாக மனத்தில் வைத்துக்கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்தாராம். அந்த ஆண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கத்தை அவர் நான்கு நிமிட வேறுபாட்டில் சொன்னார். நடுவையும் முடிவையும் சொன்னதில் பிழை கூடுதல். முடிவில் ஏறத்தாழ 52 நிமிடம். ஆனாலும் கையில் ஏடில்லாமல், எழுத்தில் ஓர் எண்ணும் குறிக்காமல் செய்த கணக்கு அது. வானியல் வரலாற்றறிஞர் நாய்கபவர் பின்னாளில் இதை விரிவாக ஆராய்ந்தார்.

ஏழும் நான்கும்

மேலைநாட்டு ஆய்வாளர்கள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். 1956-ல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், மனிதன் ஒரே மூச்சில் பிடித்து வைக்கக்கூடியவை ஏறத்தாழ ஏழு என்று எழுதினார். அக்கட்டுரையின் புகழெல்லாம் ஏழு என்ற எண்ணுக்குப் போய்விட்டது. அதைவிட ஆழமான செய்தி வேறு: அந்த ஏழு என்பது ஏழு எழுத்தாகவும் இருக்கலாம், ஏழு சொல்லாகவும் இருக்கலாம். பையின் அளவு மாறாது. அதில் போடுவது செப்புக்காசா பொற்காசா என்பது நம் கையில். பின்னர் 2001-ல் நெல்சன் கோவன், உதவிகளையெல்லாம் நீக்கிப் பார்த்தால் அந்த எண் நான்கு அளவுக்கே வரும் என்று காட்டினார்.

1973-ல் சேஸ், சைமன் என்ற இருவர் சதுரங்க வீரர்களைச் சோதித்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால், தேர்ந்த வீரர் பதினாறு காய்கள் அளவுக்குத் திரும்ப அடுக்கினார். கற்றுக்குட்டி நான்கை அடுக்கினார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவருடைய நினைவு எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பெரிதாகிவிடவில்லை. ஆட்டத்தை அறிந்ததால் காய்கள் அவர் கண்ணுக்குக் கோட்டையாகவும் தாக்குதலாகவும் கொத்துகொத்தாகத் தெரிந்தன, அவ்வளவே.

1980-ல் எரிக்சனும் சேஸும் ஃபலூனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. சாதாரண நினைவாற்றல் கொண்ட ஒரு கல்லூரி மாணவர், இருநூறு மணி நேரத்துக்கு மேல் பயின்று, ஒருமுறை கேட்ட 79 இலக்கங்களைத் திருப்பிச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். இலக்கங்களை மூன்றாகவும் நான்காகவும் சேர்த்து ஓட்ட நேரங்களாக மாற்றிக்கொண்டார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோதோ, மீண்டும் ஆறேழுக்கு இறங்கிவிட்டார்.

இந்த மூன்றையும் சேர்த்து நோக்கினால் பாவலரின் மேடை விளங்குகிறது. கொத்து என்பது கயிறு மட்டுமல்ல. முன்பே அறிந்த பொருள். ஓட்ட நேரத்தை அறிந்தவனுக்கு எண் கொத்தாகும். யாப்பை அறிந்தவனுக்குச் சீர் கொத்தாகும். விக்டோரியா மண்டபத்தில் வேலை செய்தது ஒரு நாளைய மூளை அன்று. அண்ணாவியாரிடம் பாடம் கேட்ட நாள் முதல் சேர்த்து வைத்த நிகண்டும் இலக்கணமும் காப்பியங்களும் அன்று கொத்துகளாக வந்து கைகொடுத்தன.

வரம் என்று சொல்லிவிட்டால்

பாவலரைப் போற்றுகிறவர்கள் பலரும் அவர் ஆற்றலைப் பிறவி வரம் என்றும் தெய்வ அருள் என்றும் சொல்லி வணங்கி நகர்ந்துவிடுகிறார்கள். அவரிடம் தனித்திறமை இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வரம் என்று சொன்ன கணத்தில் அதற்கு வழிமுறை உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். வழிமுறை மறந்தால் கற்பிக்க ஒன்றுமில்லை. கற்பிக்க ஒன்றுமில்லாத கலைக்கு வாரிசு வராது. 1907-ல் சென்னையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் கூட்டிய கலை இன்று 'கவனகம்' என்ற பெயரோடு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம் மட்டும் மூச்சுவிடுகிறது. அண்டையில் தெலுங்கு மொழி தன் அவதான மரபைச் சபைகளில் இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. மனனக் கல்வியை நாம் விட்டது நல்லதற்குத்தானே? திண்ணைப் பள்ளியில் பிரம்பும் கோதண்டமும் இருந்தன. ஊரின் பெரும்பகுதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமே இருக்கவில்லை. அந்தப் பள்ளியை அப்படியே மீட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விட்டோமா என்பதே கேள்வி. கேள்வி பதில்களை வரிக்கு வரி உருப்போட்டுத் தேர்வுத்தாளில் கொட்டுவது இன்றும் நடக்கிறது. மனனம் போகவில்லை, மனனத்தைத் தாங்கிய எதுகையும் தொகையும் வகையும்தான் போயின. தாறுமாறாகப் பரப்பிய சதுரங்கக் காய்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, தேர்ந்த ஆட்டக்காரனைப் போல் நினைவில் வை என்கிறோம்.

கொத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. கட்டிய மூட்டையை அவிழ்க்காமலே கைமாற்றிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது மறந்துபோகும். தாணு என்று நாள்தோறும் கூப்பிடுகிறவர்களில் மூன்று பெயர்களையும் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? குறளின் எண்ணை மட்டும் சொல்லிப் பரிசு வாங்கும் பிள்ளையிடம் பொருளைக் கேட்காமல் விடுவதும் இதே குறைதான். பாவலரின் பெருமை நூறைக் கட்டியதில் பாதி; துருக்கனைச் சத்துருக்கனன் ஆக்கிய அந்த நொடியில், கட்டியதை அவிழ்த்து வேறாகக் கட்டியதில் மறுபாதி.

இடலாக்குடியில் அவர் பெயரால் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. பிறந்தநாளில் படத்துக்கு மாலை போடுவது நல்லதே. அதோடு, ஒரு வகுப்பில் ஒரு மணி நேரம், பிள்ளைகளிடம் ஒரு வெண்பாவைக் கொடுத்து எதுகையைக் கைப்பிடியாகக் கொண்டு மனத்தில் நிறுத்தவும், பின்பு சீர் சீராகப் பிரித்துப் பொருள் சொல்லவும் கற்றுக்கொடுக்கலாம். நூறு வேண்டாம், எட்டுப் போதும். அட்டாவதானத்திலிருந்துதான் எவரும் தொடங்க முடியும்.